நாக்கால் தகடு பார்த்தவர்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய பேரன்கள் சேலத்தில் கடை வைத்து மரியாதையாகப் பிழைக்கிறார்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தப் பெயரை மனசுக்குள் சொன்னாலே எனக்கு வாயில் எச்சில் ஊறும். பசியில் ஊறுவது அல்ல. குமட்டலுக்கு முன்னால் ஊறுமே, அது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த அடுத்த வருஷம் அவரைப் பார்த்தேன். நான் அப்போது சேலத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் வேலையில் இருந்தேன். மேச்சேரிப் பக்கம் குடியானவர் வீட்டில் பிறந்தவன். மேட்டூரில் அணை கட்டிய நாளில் அங்கே கொட்டகை போடுகிறவர்களோடு சேர்ந்து தகரம் வெட்டவும் மடிக்கவும் பழகி, அந்தக் கைவேலையோடு சேலத்துக்கு வந்தவன்.

எவர்சில்வர் என்ற சொல் அப்போதுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் வாயில் ஏறியிருந்தது. ஈயம் பூச வேண்டாம், புளி பட்டால் களிம்பு ஏறாது, துருப் பிடிக்காது, முகம் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். கல்யாணச் சீரில் ஒரே ஒரு எவர்சில்வர் சொம்பு இருந்தாலும் அதைத்தான் தட்டின் நடுவில் வைப்பார்கள். ஆனால் தகடு எங்கே கிடைக்கும்? பட்டாளத்துக் கிடங்குகளை ஏலம் விட்டபோது கட்டுக் கட்டாகத் தகடுகள் ரயிலேறி வந்தன. எதற்காகச் செய்த தகடு என்று யாருக்கும் தெரியாது. ஒரே கட்டில் மேலே ஒரு ரகம் இருக்கும், நடுவில் இன்னொரு ரகம் இருக்கும். எல்லாம் ஒரே பளபளப்பு. எல்லாம் காகிதம் மாதிரி மெல்லிசு.

அதில் எது உண்மையான எவர்சில்வர், எது வெறும் இரும்பின் மேல் பூச்சு என்று பிரிக்க வேண்டும். எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாதது முதல் நம்பர், ஒட்டுவது இரண்டாம் நம்பர். அதற்கு மேல், தகடு மெதுவா கெட்டியா என்று தெரிய வேண்டும். மெதுத் தகடு சுத்தியலுக்கு வளைந்து கொடுத்துக் கிண்ணமாகக் குழியும். கெட்டித் தகடு நாலு அடி தாங்கிவிட்டு ஐந்தாவது அடியில் பிளந்துகொள்ளும். இதையெல்லாம் சொல்லச் சேலத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். வியாபாரிகள் அவரைக் குதிரை வண்டி அனுப்பிக் கூட்டி வருவார்கள்.

ஒல்லியான ஆள். ஐம்பது வயசிருக்கும். எந்நேரமும் வெற்றிலை. அவர் மடியில் ஒரு லாடக் காந்தமும், ஒரு துண்டு அரமும், மயில்துத்தம் கரைத்த சின்ன சீசாவும் இருக்கும். துத்தத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டால் நல்ல எவர்சில்வர் அப்படியே இருக்கும். மட்டமான தகட்டில் செம்பு படிந்து சிவக்கும். இந்தச் சாமான்கள் பட்டறை வைத்திருக்கிற யாரிடமும் இருப்பவைதான். அவருக்கு அவை ஒப்புக்கு. அவர் பார்ப்பது நாக்கால்.

முதல் நாள் நான் பார்த்தது இது. தகட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வாயில் இருந்த வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். சிவந்து, நடுவில் கறுத்து வெடித்திருந்த நாக்கை நீட்டி, தகட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக நக்கினார். நத்தை போன தடம் மாதிரி ஒரு கோடு. கண்ணை மூடிக்கொண்டு நாக்கை அண்ணத்தில் தட்டி "டொக்" என்றார். பிறகு மூலையை முன்பல்லால் கடித்தார். சுண்டு விரலில் மஞ்சளாக வளர்த்திருந்த நகத்தால் ஒரு கீறல் போட்டுக் காதை வைத்துக் கேட்டார். ஓரத்தில் ஒரு பட்டை வெட்டி, மடித்து, நிமிர்த்தி, மடித்த இடத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"மொத நம்பருங்க. மெதுவு. தாராளமா அடிக்கலாமுங்க."

சொல்லிவிட்டுப் பட்டறை மூலையில் எச்சிலைப் பீய்ச்சினார். அதே தகட்டை அவர் வேட்டி முனையால் ஒரு துடை துடைத்து என் கையில் கொடுத்தார். அந்தத் தகட்டில் நான் அன்றைக்குப் பால் சொம்பு அடித்தேன். எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு அதில் பால் காய்ச்சினார்களோ.

"அண்ணா, கையிலயே பாத்துப்போடறவங்களுக்கு நாக்கு எதுக்குங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கை ஏமாத்துமுங்க சாமி. கண்ணு ஏமாத்தும். நாக்குப் பொய் சொல்லாது" என்றார்.

அது உண்மை. அவர் நாக்கு உண்மையைத்தான் அறிந்தது. அதே நாக்கால் அவர் என்ன சொன்னார் என்பதுதான் விஷயம்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. ஒரு முறை வாயால் சொல்லிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார். "சொன்னது சொன்னதுதானுங்க" என்பார். அதை ஏதோ நாணயம் போல நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் வீட்டில் ஒரு மத்தியானம் சாப்பிட நேர்ந்தது. முதலாளி ஒரு தகட்டுத் துண்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். சாப்பாட்டு நேரம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். அவர் மனைவி ரசம் ஊற்றினார். ஒரு வாய் வைத்த உடனே எனக்குத் தெரிந்தது, உப்பு இரண்டு முறை விழுந்திருக்கிறது. அவர் பேச்சு மும்முரத்தில் கையைக்கூட வாயருகே கொண்டு போகாமல், "உப்பே இல்லையே" என்றார்.

"உப்பு மிஞ்சித்தானுங்க போச்சு" என்றார் அந்த அம்மா தயங்கித் தயங்கி.

அவர் அப்போதுதான் ஒரு கவளம் வாயில் வைத்தார். உப்புக் கரித்தது அவர் தொண்டையில் தெரிந்தது. ஒரு நொடி மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உப்பு இல்லைன்னு சொன்னனே, காது கேக்கலியா? கொண்டா."

அந்த அம்மா உப்புக் கலயத்தைக் கொண்டுவந்து வைத்தார். அவர் ஒரு கை அள்ளி ரசத்தில் போட்டுப் பிசைந்தார். தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கிலும் வந்தது, புறங்கையால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். நான் பாதியில் எழுந்துவிட்டேன். வெளியே வந்து சிரித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டறையில் போய் எல்லோருக்கும் நடித்துக் காட்டினேன். அன்று அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

குப்புசாமிக்கு நடந்தது வேடிக்கை இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவன், நல்ல கைக்காரன். ஒரு கட்டுத் தகட்டை அவர் "மெதுவு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். குப்புசாமி அதில் வட்டம் வெட்டி, குழிக்கட்டையில் வைத்துக் கிண்ணம் இறக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். தகடு ஓரத்திலிருந்து பிளந்து, விறைப்பாக எழும்பி, அவன் இடது உள்ளங்கையைக் குறுக்கே வெட்டிவிட்டது. ரத்தம் நின்ற பிறகும் அவனுடைய இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கடைசிவரை மடங்கவில்லை.

ஆள் அனுப்பி அவரைக் கூட்டி வந்தார்கள். பிளந்த துண்டை வாங்கினார். அதில் குப்புசாமியின் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் ஓரத்தைத் துடைக்கக்கூட இல்லை. நாக்கை நீட்டி நக்கினார், பல்லில் கடித்தார், மடிக்கப் பார்த்தார். அது மடங்காமல் பட்டென்று இரண்டாக முறிந்தது. கெட்டித் தகடு என்று தெருவில் போகிறவனுக்கும் தெரியும்.

"தகடு மெதுவுதானுங்க. அடி தப்பு. ஒரே எடத்துல அடிச்சிருக்கறான்."

குப்புசாமி துணி சுற்றிய கையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். "நான் பத்து வருசமா அடிக்கறனுங்க" என்றான்.

"பத்து வருசமாத் தப்பா அடிச்சிருப்பீங்க" என்றார்.

மறுநாள் நான் வியாபாரியின் கிடங்குக்கு ஒரு வேலையாகப் போனேன். அந்தக் கட்டில் மீதியிருந்த தகடுகளை எங்கள் பட்டறையிலிருந்து திருப்பி எடுத்துவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் அவரே வந்து, "இத உடுங்க, வேற கட்டுக் குடுத்து அனுப்புங்க" என்று வியாபாரியின் காதோடு சொல்லிவிட்டுப் போனாராம். ஆகவே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாற்றி அனுப்ப மனசு வந்தது. தப்பு என்று ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லை. குப்புசாமிக்கு அதற்குப் பிறகு பட்டறையில் வேலை இல்லை. அடி தப்பு என்று அவர் சொல்லிவிட்டாரே.

இவ்வளவு தெரிந்தும் நான் ஏன் அவரை நம்பினேன் என்று கேட்கலாம். வேறு ஆள் இல்லை என்பது ஒரு பதில். எனக்கு அந்தத் தகடு வேண்டியிருந்தது என்பது உண்மையான பதில்.

என் அக்காவை எருமப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு ஒரே பெண். தெய்வானை என்று பெயர். தெய்வா என்று கூப்பிடுவோம். அஞ்சு வயசு. காது குத்துக்கு நாள் வைத்திருந்தார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் ஊரே வாசலில் நின்று எட்டிப் பார்க்கும். எருமப்பட்டியில் அதுவரை யாரும் பார்த்திராத ஒன்றைக் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று எனக்கு வெறி. ஆள் இடுப்பு உயரம் எவர்சில்வர் அண்டா. என் கையாலேயே செய்ய வேண்டும்.

அவ்வளவு பெரிய அண்டாவுக்கு முதல் நம்பர் தகடு வாங்க என்னால் முடியாது. வியாபாரி ஒரு கட்டைக் காட்டினார். கண்ணைப் பறிக்கிற வெள்ளை. லேசாக நீலம் ஓடியது. விலை பாதிக்கும் கீழே. "ஐயாவெ உட்டுப் பாத்துக்கங்க" என்றார். ஐயா அங்கேயே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு ஜோடி புது மல் வேட்டி, கடைக் காகிதம் பிரிக்காமல் இருந்தது.

தகட்டை நக்கினார். அப்போது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வேப்பங்காயைக் கடித்த மாதிரி வாய் கோணியது. துப்பினார். மறுபடி துப்பினார். பானையில் தண்ணீர் மொண்டு மூன்று முறை வாய் கொப்பளித்தார்.

"என்னாச்சுங்கண்ணா?"

"வெத்தலை காரமுங்க."

நான் காந்தத்தை வைத்தேன். கப்பென்று ஒட்டியது. "ஒட்டுதுங்களே?" என்றேன்.

"ஒட்டற எவர்சில்வரும் இருக்குதுங்க சாமி. கத்தி, கரண்டியெல்லாம் அதுலதான் பண்றாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அதுவும் உண்மை. அப்படி ஒரு ரகம் இருக்கத்தான் செய்கிறது. அவர் சொன்ன பொய்களிலெல்லாம் இப்படி ஒரு உண்மை உள்ளே இருக்கும்.

"தெய்வா காதுகுத்துச் சீருக்குங்கண்ணா. நல்ல தகடுதானுங்களே?"

அவர் வியாபாரியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. புது வேட்டியைக் கையால் தடவிக்கொண்டே, "நல்ல தகடுங்க. கொண்டு போங்க" என்றார்.

சொல்லியாயிற்று.

மாதக் கணக்காக ஞாயிறுகளில் உட்கார்ந்து அந்த அண்டாவை முடித்தேன். வண்டியில் ஏற்றி, மேளத்தோடு எருமப்பட்டியில் இறக்கியபோது பெண்கள் வந்து அதில் முகம் பார்த்தார்கள். அக்காவின் மாமனார் தட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பள வெள்ளியிலயே செஞ்சு கொண்டாந்துட்டாப்பல" என்றார். அக்கா நாலு பேர் பார்க்க அதன் விளிம்பை முந்தானையால் துடைத்தாள். எனக்கு அது போதும்.

அவரையும் அழைத்திருந்தேன். அந்த மல் வேட்டி கட்டி வந்திருந்தார்.

காலையில் வந்தவர்களுக்குப் பானகம் கலந்தார்கள். கலந்தவள் சமையலுக்கு வந்த மாராயி. புருஷன் இல்லாதவள், ஊர் விசேஷங்களில் வேலை செய்து பிழைத்தவள். வெல்லம், சுக்கு, ஒரு கூடை எலுமிச்சம்பழம். மாமனார் ஆசைப்பட்டுச் சொன்னார்: "புது அண்டாவுலயே கலக்கு, எல்லாரும் பாக்கட்டும்." பழத்தைப் பிழிந்து பிழிந்து அண்டாவுக்குள் விட்டாள். அண்டாவிலிருந்து ஏழு முழ தூரத்தில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிழிவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தெய்வா என் மடியில். ஆசாரி காதில் குத்தியதும் துடித்து அழுதாள். அழுகையை நிறுத்த நான் பானகம் கொடுத்தேன். இனிப்பாக இருந்ததும் அடங்கினாள். இரண்டாவது காது. மறுபடி அழுகை, மறுபடி பானகம். "மாமா, இன்னொருக்கா" என்று அவளே கேட்டாள். மூன்றாவது டம்ளரையும் கொடுத்தேன். என் கையால் கொடுத்தேன்.

அவரிடமும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். "எனக்கு இனிப்பு ஆகாதுங்க" என்றார். அதற்குச் சற்று முன்னால்தான் அதே கையால் இரண்டு வெல்லக் கச்சாயம் வாங்கித் தின்றிருந்தார். தான் கொண்டுவந்த பித்தளை டம்ளரில் கிணற்றுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். இலை போடுவதற்கு முன்னால், அவசர வேலை என்று சொல்லிக் கிளம்பிப் போய்விட்டார்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பந்தலின் ஒரு மூலையில் ஒருவர் வாந்தி எடுத்தார். பிறகு இன்னொருவர். பிறகு பந்தல் முழுவதும். தோரணம் கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மாட்டுத் தொட்டியில் தலையைக் கவிழ்த்து, புதுச் சேலையில், புது வேட்டியில். அந்த வாடையும் சுக்கு மணமும் சேர்ந்தது இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நான் இன்றுவரை பானகம் குடிப்பதில்லை. பெரியவர்கள் எடுத்துத் தீர்த்துவிட்டுச் சுருண்டு படுத்தார்கள். தெய்வாவுக்கு நிற்கவில்லை. வண்டி கட்டி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெயில் சாய்வதற்குள் முடிந்துவிட்டது. காதில் போட்ட தங்கக் கம்பியில் காய்ந்தும் காயாமலும் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது.

"எதுல கலந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். இரும்புத் தகட்டுக்கு மேலே ஒரு வெள்ளைப் பூச்சு பூசுவார்களாம், விமான சாமான்களுக்கு. அது புளிப்பில் கரையுமாம். ஒரு முகாமில் அப்படிப் பூசின ஏனத்தில் எலுமிச்சைச் சாறு வைத்து நாற்பது பேர் விழுந்ததைப் பார்த்திருக்கிறாராம்.

ஊர் அதை நம்பவில்லை. பளபளவென்று இருக்கிற அண்டா எப்படிக் கொல்லும்? பல்லி விழுந்துவிட்டது, மாராயி பார்க்காமல் கலந்துவிட்டாள் என்றார்கள். அவள் கிணற்றடிக்கு வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவள் அக்கா வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்று, "நான் பாத்துத்தானுங்க கலந்தேன் அம்மிணி, பல்லி இல்லைங்க" என்று தினம் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து நான் சேலத்துக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன். "ஊர்ல ஒரு பொம்பள மேல பழி உழுவுது. வந்து தகட்டப் பாத்து, உள்ளதச் சொல்லுங்க." வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். தகடு பார்க்கக் கூப்பிட்டால் மறுக்க அவரால் முடியாது போலிருக்கிறது.

அன்று விடிந்ததும் அண்டாவில் ஒரு குடம் தண்ணீர் விட்டு நிறைய எலுமிச்சம்பழமும் பிழிந்து வைத்திருந்தேன். உச்சிப் பொழுதுக்கு அவர் வந்து சேர்ந்தார். வாசலில் ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பதினைந்து பேர். அக்கா கதவோரம் நின்றாள். மாராயி வேலிக்கு வெளியே.

அவர் அண்டாவைச் சுற்றி வந்தார். நகத்தால் கீறினார். குனிந்து, என் தெய்வாவைக் கொன்ற அண்டாவின் விளிம்பை நக்கினார். யாரோ ஒரு பெண் "சீ" என்றாள்.

"எவர்சில்வர்தானுங்க. நல்ல தகடுங்க."

மாட்டுக் குளம்புப் புண்ணுக்கு மாமனார் வைத்திருந்த மயில்துத்தத்தை ஒரு கொட்டாங்கச்சியில் கரைத்து வைத்திருந்தேன். பட்டறையிலிருந்து ஒரு துண்டு நிஜ எவர்சில்வரும் கொண்டு வந்திருந்தேன். அதில் ஒரு சொட்டு விட்டேன். நீலம் நீலமாகவே நின்றது, துடைத்தால் சுத்தம். அண்டாவின் விளிம்பில் ஒரு சொட்டு விட்டேன். எல்லோரும் பார்க்கப் பார்க்கச் சிவந்து கறுத்து அப்பிக்கொண்டது.

மாமனார் அவரைப் பார்த்தார். "இதென்னுங்க?"

"துத்தம் பழசுங்க."

"ரண்டும் ஒரே துத்தம்தானுங்களே?"

"நான் சொன்னது சொன்னதுதானுங்க."

"அப்படீன்னா இதக் குடிங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று அங்கிருந்த எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். யாராவது தடுப்பார்கள் என்று ஒரு கணம் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் தடுக்கவில்லை. அவர் குடிக்க வேண்டும், குடித்து உருள வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையை நினைத்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

தன் பித்தளை டம்ளரை எடுத்தார். முக்கி மொண்டார். ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார். நெற்றியில் வியர்வை அரும்பி மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. வெற்றிலையை மடித்து வாய்க்குக் கொண்டு போனவர் பாதியில் நிறுத்தினார். தோள் இரண்டும் ஒரு குலுங்கு குலுங்கின. எழுந்து ஓடியிருக்கலாம், ஓடினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. உட்கார்ந்த இடத்திலேயே, அந்த மல் வேட்டி மேலேயே எடுத்தார். மஞ்சளும் சிவப்புமாக மடி நிறைய. நிற்கவில்லை. மூக்கு வழியாகவும் வந்தது. இரண்டு வாந்திக்கு நடுவில் மூச்சு கிடைத்தபோது சொன்னார்:

"பித்தமுங்க… காலைல வெறும் வயிறு… பித்தமுங்க…"

பெரியவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள்.

அக்கா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். தெய்வா போன பிறகு அவள் வெளி ஆளிடம் பேசியது அன்றுதான்.

"ஏனுங்க. தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் உங்கள ஒண்ணும் பண்ணப் போறதில்ல. அந்த மாராயிக்காவது சொல்லுங்க. போதுமுங்க."

அவர் புறங்கையால் வாயைத் துடைத்தார். கண் இரண்டும் ரத்தமாக இருந்தன. அந்தக் கண்களில் பயம் இருந்தது, கெஞ்சல் இருந்தது. சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். வாயைத் திறந்தார். நாக்கு வெளியே வந்து உதட்டைத் தடவிவிட்டு உள்ளே போயிற்று.

"தகடு நல்ல தகடுங்க அம்மிணி."

மாமனார் எழுந்தார். வேலிப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாராயி, உள்ள வா ஆயா. போயி அடுப்பப் பத்த வெய்யி. எல்லாத்துக்கும் சோறாக்கு" என்றார். மாராயி வேலிப்படலைத் திறந்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள். போகும்போதே அழுதாள்.

அக்கா அங்கேயே நின்றாள். சொம்பு கையில் இருந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"நீ அடிச்சு மடிச்சவன். உனக்குத் தெரியலையா தம்பி?"

இதை நான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அக்கா நம்பியிருப்பாள். ஊரும் நம்பியிருக்கும். பழி முழுவதும் அந்தக் கட்டிலில் இருந்தவரோடு நின்றிருக்கும்.

"தெரிஞ்சுதுக்கா" என்றேன். "மடிப்பு மடிக்கறப்ப மேப்பூச்சு தூளாக் கொட்டுச்சு. உள்ள இரும்பு தெரிஞ்சுது. தொடச்சுப்போட்டு மேல ஈயம் வெச்சுப் பத்த வெச்சுட்டேன். அவரு நல்ல தகடுன்னு சொல்லிட்டாரேன்னு இருந்துட்டேன். ஊரு பாக்கோணும்னு இருந்துட்டேன். தப்பு என்ற மேல."

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சொம்பை என் கையில் கொடுத்தாள்.

"அவருக்கு ஊத்து" என்றாள்.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் கட்டிலருகே போனேன். அவர் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். கை முழுவதும் வாந்தி. நான் மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். அவர் கொப்பளித்தார், துப்பினார், மறுபடி கையை நீட்டினார். சொம்பு தீரும்வரை ஊற்றினேன்.